மிதப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மார்த்தாண்டத்துக்காரி. வீட்டுக்காரருக்கு நெய்யாற்றின்கரை. 19 வருஷமாக கனடாவில், மிஸ்ஸிஸாகாவில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, நவம்பரில் பிறந்தவன். ஆறு வயதிலிருந்து ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். வரும் வசந்தத்தில் ஒன்டாரியோ ஜூனியர் லீக் அணிகள் அவன் வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் போகின்றன.

போன மாதம் ஒரு கோல் போட்டுவிட்டு முழங்காலில் வழுக்கிக்கொண்டே போய்க் கையை விரித்தான். கோச் மிச்ச ஆட்டம் முழுக்க அவனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். பிறகு ஒரு அணிக்காரர்கள் பேச வந்தார்கள். "உங்கள் டீமில் உன்னைவிட நன்றாக ஆடுவது யார்?" என்று கேட்டார்களாம். "யாரும் இல்லை" என்றிருக்கிறான். வந்தவர்கள் சிரித்தார்கள். இவனுடைய அப்பா சிரிக்கவில்லை. "அகங்காரி" என்று சொல்லிவிட்டு நாலு நாள் அவனிடம் பேசவில்லை.

தன்னம்பிக்கைக்கும் தலைக்கனத்துக்கும் கோடு எங்கே இருக்கிறது? அவனைக் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டுமா? இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு பணம் கொட்டுவது சரியா? பணிவைப் பற்றி அவனுக்குப் படித்துக் காட்ட ஏதாவது புத்தகம் சொல்வீர்களா? ஒரு கோடை முழுக்க ஊரில் கொண்டுவந்து விட்டால் திருந்துவானா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

வேண்டாததை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். பணம் உங்கள் பணம், அதற்கு நான் கணக்குப்பிள்ளை இல்லை. பணிவைப் புத்தகத்தில் படித்த சிலரை எனக்குத் தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. ஊரில் கொண்டுவந்து விடுவதா? ஊர் என்ன சீர்திருத்தப் பள்ளியா? இங்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பையன்களைப் பார்த்தால் உங்கள் மகன் சாது என்று தோன்றும். விடுமுறைக்குக் கூட்டி வாருங்கள், ஆச்சி கையால் நாலு வேளை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். திருத்த என்று மட்டும் கொண்டுவராதீர்கள்.

நான் ஐஸை அதிகம் பார்த்தது தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தில்தான், மீன்பெட்டிக்கு உடைத்துப் போடுவதை. ஆனால் 2016-இல் ஐந்து மாதம் டொராண்டோ பக்கம் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் ஹாக்கிப் பைத்தியம். குளிருக்குப் பயந்து வெளியே போகாமல் அவரோடு டிவி முன்னால் உட்கார்ந்து நானும் பாதிப் பைத்தியமானேன். அதனால்தான் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நெய்யாற்றின்கரையில் அகங்காரி என்பதை நம்ம பக்கம் மிதப்பு என்போம். "அவனுக்கு மிதப்பு கூடிப்போச்சு." இன்றைய பிள்ளைகள் அதையே கெத்து என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். ஒரே நடை, ஒரே பார்வை. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

ஹாக்கிக்காரர்கள் இந்தப் பாடத்துக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். உங்கள் கோச்சும் அதை ஒருநாள் சொல்லாமல் விடமாட்டார். என்.எச்.எல். என்ற பெரிய லீகில் வருஷாவருஷம் புதுப் பையன்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும். 1993-இல் ஒட்டாவா செனட்டர்ஸ் அணி அலெக்சாந்தர் டெய்க் என்ற 18 வயதுப் பையனை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. முதலாவதாக வந்ததில் சந்தோஷம், இரண்டாவதாக வந்தவனை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்று அவன் சொல்லிவிட்டான். அந்த இரண்டாவது ஆள் கிறிஸ் ப்ராங்கர். 2000-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை, 2007-இல் லீகை ஜெயிக்கிற அணிக்கான ஸ்டான்லி கோப்பை, 2015-இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம். டெய்க் 616 ஆட்டங்கள் ஆடி 129 கோலோடு முடித்தார். பார்த்தாயா, வாயைக் கொடுத்தால் இப்படித்தான் என்று கதையை முடிப்பார்கள்.

எனக்கு இந்தக் கதை மேல் தீராத எரிச்சல். அந்தப் பையன் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு 1 கோடியே 22 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர்கள் வயது வந்த, கோட்டு போட்ட ஆட்கள். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு 1995-இல் புதுப் பையன்களின் சம்பளத்துக்கு லீகே உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. இதில் யாருடைய மிதப்பு பெரிது? பையன் சொன்ன ஒரு வரி முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களை யாரும் அகங்காரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு பையன் தோற்றுப்போன பிறகு, அவன் 18 வயதில் சொன்னதைத் தோண்டி எடுத்துக் காரணம் காட்டுவது நியாயமா? வாயை மூடிக்கொண்டு தோற்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய கதையை எந்தக் கோச்சும் சொல்வதில்லை. சொன்னால் பாடம் வராது.

மறுபக்கம் பாருங்கள். 2003-இல் சிட்னி க்ராஸ்பிக்கு 16 வயது. ரிமூஸ்கி அணியில் ஆடியவன், வலைக்குப் பின்னால் நின்று பக்கை (பந்துக்குப் பதில் அடிக்கிற ரப்பர் வட்டு அது) மட்டையின் அலகில் தூக்கி, அப்படியே மேல்மூலையில் வைத்தான். டான் செர்ரி என்ற ஹாக்கி விமர்சகர் தொலைக்காட்சியில் திட்டித் தீர்த்தார். 'ஹாட் டாக்' என்றார், அவர்கள் ஊரில் அலட்டலுக்கு அதுதான் வசை. பிறகு க்ராஸ்பி மூன்று ஸ்டான்லி கோப்பை வாங்கினார். 2010 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு வெற்றிக் கோலும் போட்டார். இப்போது அதே 16 வயதுக் கோலைக் காட்டி, அப்போதே என்ன துணிச்சல் என்கிறார்கள். ஜெயித்தால் கெத்து, தோற்றால் திமிர். ரிசல்ட் வந்த பிறகு பெயர் வைப்பதற்கு ஜோசியக்காரன் போதும், கோச் எதற்கு?

போகிற போக்கில் மகன் நவம்பரில் பிறந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கியமான வரி அது என்பேன். கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு ஜனவரி 1 கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவு. 1985-இல் ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் எண்ணிப் பார்த்தபோது, மேல்மட்ட ஜூனியர் அணிகளில் வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிட எவ்வளவோ அதிகமாக இருந்தார்கள். ஏழெட்டு வயதில் பத்து மாத வித்தியாசம் என்றால் ஒரு தலை உயரம். உயரமானவனை நல்ல ஆட்டக்காரன் என்று எடுப்பார்கள், நல்ல கோச்சிடம் போவான், மெய்யாகவே நல்ல ஆட்டக்காரனாகிவிடுவான். (நம்ம தலைமுறைக்கு இந்தச் சிக்கலே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எல்லோருக்கும் மே மாதம் போட்டுவிட்டார். எனக்கு மே 25. அம்மா கணக்கில் நான் கார்த்திகை.) உங்கள் மகன் ஒன்பது வருஷமாகத் தன்னைவிடப் பெரிய பையன்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு நிற்கிறான். "யாரும் இல்லை" என்று சொல்லத் தெரியாமல் இருந்திருந்தால் பத்து வயதிலேயே வீட்டுக்கு வந்திருப்பான்.

முழங்கால் வழுக்கலை விடுங்கள், அது சந்தோஷம். எட்மண்டனில் நைல் யாகுபோவ் 2013-இல் ஆட்டம் முடிய 4.7 விநாடி இருக்கும்போது சமன் கோல் போட்டுவிட்டு அப்படித்தான் வழுக்கினார், அதற்கும் ஊரே பஞ்சாயத்து பேசியது. நான் பார்த்த வரையில் அந்த ஆட்டத்தில் சுயநலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொருவனும் முக்கால் நிமிஷம் போல முழு மூச்சில் ஓடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும், அடுத்தவன் இறங்க வேண்டும். மூச்சு போன பிறகும் இன்னொரு கோலுக்கு ஆசைப்பட்டு உள்ளேயே நிற்கிறவன் இருக்கிறானே, அவனுக்கு ஒருவரும் பெயர் வைப்பதில்லை. கோலுக்கு ஒரு புள்ளி என்றால், அதற்கு முன் பக்கைத் தள்ளிக்கொடுத்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி கொடுக்கிற ஆட்டம் அது. வேய்ன் கிரெட்ஸ்கி அப்படித் தள்ளிக்கொடுத்தே 1963 புள்ளி எடுத்தார். கோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. மகன் முக்கால் நிமிஷத்தில் வெளியே வருகிறானா, பக்கைப் பறிகொடுத்தால் தலையைத் தொங்கப்போடாமல் திரும்பி ஓடிவருகிறானா? அதைப் பாருங்கள். நேர்காணலில் என்ன சொன்னான் என்பதைப் பார்க்காதீர்கள்.

2016 அக்டோபர் 12 அன்று மருமகனோடு நான் பார்த்த முதல் முழு ஆட்டம். டொராண்டோவுக்கு ஆஸ்டன் மாத்யூஸ் என்ற 19 வயதுப் பையன் முதன்முதலாக இறங்கினான். நாலு கோல். மருமகன் சோபாவில் ஏறி நின்று கத்தினார். ஆனால் கூடுதல் நேரத்தில் ஒட்டாவா 5-4 என்று ஜெயித்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டினார்கள். அந்தக் கடைசி கோல் தன்னுடைய தப்பு, தான் பிடித்திருக்க வேண்டிய ஆள் அவன் என்றான் பையன். நாலு கோலைப் பற்றிக் கேட்டால் இவன் ஐந்தாவதைப் பற்றிப் பேசுகிறான். அதை மருமகன் பணிவு என்றார். எனக்கு அது பெரிய கர்வம் என்றுதான் பட்டது. என்னால் தடுத்திருக்க முடியும் என்று நினைக்கிறவன்தானே என் தப்பு என்று சொல்வான்?

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், 15 வயதுப் பையனிடம் நாலு நாள் பேசாமல் இருப்பதும் மிதப்புதான். மச்சான் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. நான் அதைவிட மோசமாகச் செய்தவன்.

1986. நான் ஒரு பள்ளியில் தற்காலிக வாத்தியார். சாயங்காலம் பையன்களின் கால்பந்து அணியையும் பார்த்துக்கொண்டேன். நான் உள்நாட்டுக்காரன், பையன்களில் பாதி கடப்புறத்துக்காரர்கள். நீரோடி தாண்டினால் பொழியூர், அந்தப் பக்கம் கேரளம் என்று சொன்னால்தான் தெரியும், மணல் ஒன்றுதான். இன்று பொழியூர் என்றால் சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களின் ஊர் என்கிறார்கள். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். அப்போது அதெல்லாம் கிடையாது. ஜெயித்தால் ஒரு ஏத்தன் வாழைக்குலை கிடைக்கும், அவ்வளவுதான்.

அணியில் இடதுகால்காரன் ஒருவன், 16 வயது. பொழியூர் மணலில் ஒரு ஆட்டம், பாதி முடிந்து 0-1. என்னிடம் வந்து, "சாரே, பந்த எனக்குத் தரச்சொல்லுங்க. நான் செயிச்சுத் தாறேன்" என்றான். தந்தான், இரண்டு கோல். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று பெரியவர்களுக்குக் கைகொடுத்தார்கள். இவன் மணலில் உட்கார்ந்து குலையிலிருந்து பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நாகர்கோவிலில் நடந்த மாவட்டத் தேர்வுக்கு நான் இரண்டு பெயர் அனுப்ப வேண்டும். இவன் பெயரை அடித்துவிட்டு, எழுத்திலும் வைத்தேன்: நடத்தை போதாது. பதிலுக்கு ரப்பர் தோட்டத்துக்காரர் ஒருவரின் மகனை அனுப்பினேன். அதே வாய் அவனுக்கும் உண்டு. அவனைப் பற்றி 'நல்ல தைரியம்' என்று எழுதியதும் இதே கைதான். இரண்டும் ஒரே தாளில், ஒன்றுக்கு அடியில் ஒன்று.

2019-இல் தேங்காய்ப்பட்டினம் துறையில் அவனைப் பார்த்தேன். ஆழ்கடல் மீன்பிடிப் படகுக்கு ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிற தலைவன், முடி நரைத்துவிட்டது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று கடலில் இருந்தவன். எச்சரிக்கை போய்ச் சேராத தூரம். பதினோரு பேரை லட்சத்தீவில் கரையேற்றினான். "நான் கொண்டுபோறேன், பேசாம இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம், கூடப் போனவர்கள் சொன்னார்கள். இதை வைத்து உங்களுக்குத் தன்னம்பிக்கை பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிடலாம். மனசு வரவில்லை. அதே வார்த்தையை அன்றைக்குச் சொன்ன மற்ற ஸ்ராங்குகளும் இருந்திருப்பார்கள். அவர்களில் திரும்பி வராதவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

முப்பத்துமூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்ததை அன்று சொல்லிவிட்டேன். உன் பெயரை அடித்தது நான்தான் என்றேன். அவன் யோசித்துப் பார்த்தான். தேர்வு நடந்ததே அவனுக்கு நினைவில்லை. நினைவிருந்தது வேறொன்று. அவனுடைய மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பூட்ஸ். ரப்பர் தோட்டத்துப் பையனிடம் நல்ல பூட்ஸ் இல்லை என்று, நாகர்கோவிலுக்குப் போட்டுக்கொண்டு போக நான்தான் இவனிடம் இரவல் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதை நான் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன்.

"சாரு கொள்ளாம்" என்று சிரித்தான். "அதெல்லாம் போட்டு. எனக்க பூட்ஸு எங்க சாரே?"