சொன்ன உயரத்தில் ஆட்டோபைலட் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: கார்மின் ஜி1000 திரைகளும் ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட்டும் (தானே ஓட்டும் கருவி) உள்ள செஸ்னா 172 விமானத்தில் பயிற்சி பெறுகிறேன். 4,000 அடியில் விஎஸ் (ஏறும் வீதம்) பொத்தானை அழுத்தி ஏறவிட்டேன். 6,000 அடியில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. கருவிக் கோளாறா?

பதில்: இல்லை. நிற்க வேண்டிய உயரத்தைக் குறிக்கும் ஏஎல்டி குமிழைத் திருப்பி 6,000 என்று வைக்க மறந்திருப்பீர்கள். பழைய 4,000 அப்படியே இருந்தால், மேலே போகும் விமானத்துக்கு நிற்க வேண்டிய இடமே கிடையாது. முதலில் உயரம், பிறகுதான் பொத்தான். உயரமானிப் பட்டைக்கு மேலுள்ள நீல எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து, திரையின் உச்சி வரியைப் பாருங்கள்: பச்சை எழுத்து இப்போது இயங்கும் முறை, வெள்ளை, அடுத்து இயங்கக் காத்திருக்கும் முறை. பொத்தானை அழுத்திய விரலை நம்பாதீர்கள், அந்த வரியை நம்புங்கள்.

ஏறுவதற்கு விஎஸ்ஸைவிட எஃப்எல்சி என்ற இன்னொரு முறை நல்லது. விஎஸ் ஏறும் வீதத்தை மட்டும் காக்கும். வேகம் உங்கள் பொறுப்பு. உயரம் கூடக்கூட எஞ்சின் சக்தி குறையும். ஆனாலும் கேட்ட வீதத்தைத் தர ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். கவனிக்காவிட்டால் ஸ்டால்வரை (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) கொண்டுபோய் விடும். எஃப்எல்சி வேகத்தைக் காக்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில், இரண்டு முறையிலும் உங்கள் கையில்தான்.

கேள்வி: தவறாகப் போகும்போது யோக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) பிடித்து இழுத்துத் திருத்தலாமா?

பதில்: கூடாது. நீங்கள் இழுக்க, ஆட்டோபைலட் எதிர்ப்பக்கம் டிரிம் செய்யும் (மூக்கைக் கீழே தள்ளும்படி வால் பகுதியைச் சரிசெய்யும்). பிறகு அதை விடுவித்தால் மூக்கு சட்டென்று குத்தும். யோக்கிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆட்டோபைலட்டைத் துண்டித்து, கையால் ஓட்டுங்கள்.