கத்தரிக்கோலை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்கள் புகழ்ந்து எழுதியதை நம்பி ‘பிளேட் ரன்னர் 2049’ பார்த்தேன். கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. அதற்காக 163 நிமிடமா? நாயகன் நடக்கிறான், நிற்கிறான், பார்க்கிறான், மறுபடி நடக்கிறான். 1982இல் வந்த முதல் படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டதே. இதிலும் அந்த நடையை வெட்டியிருக்கலாம். என் மனைவி பாதியில் தூங்கிவிட்டார்.

வி. ஆர்., கோவை

அன்புள்ள வி. ஆர்.,

படம் நீளம் என்பதில் உங்களோடு சண்டை இல்லை. முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட்டே, அரை மணி நேரம் குறைத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். இத்தனைக்கும் இரண்டாவது படத்துக்கு அவர் நிர்வாகத் தயாரிப்பாளர். குறைக்க எனக்கும் சம்மதமே. எங்கே குறைப்பது என்பதில்தான் நமக்குள் வழக்கு.

நடையில் கைவைக்காதீர்கள். லாஸ் வேகாஸில் நாயகன் கே நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். 2009இல் சிட்னியை மூடிய செம்புழுதிப் புயலைப் பார்த்து எடுத்த நிறம் அது. ஆள் அரவமற்ற அந்தப் பாழில் தேன்பெட்டிகள் இருக்கின்றன. கே ஒன்றுக்குள் கையை விட்டு, மொய்க்கும் தேனீக்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். தேனீ இருந்தால் அதை வளர்ப்பவன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு வசனம் இல்லாமல் அது நமக்குப் புரிகிறது. புரிய நேரம் வேண்டாமா? பதின்மூன்று முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பிய ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ், இந்தப் படத்துக்குத்தான் முதன்முறை அதை வாங்கினார்.

நான் வெட்டுவது பேச்சை. செயற்கை மனிதர்களைத் தயாரிக்கும் முதலாளி வாலஸின் அறையைப் பாருங்கள்: சுவரெங்கும் நீரின் ஒளி நெளிகிறது, நிழல்கள் தாமே நகர்கின்றன. தன்னைக் கடவுளாக நினைப்பவன் என்பதற்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர் வாய் திறந்து தேவதூதர், சொர்க்கம் என்று பிரசங்கம் செய்கிறார். இரண்டு காட்சியிலும்! அடுத்து அந்தச் செயற்கை மனிதர்களின் கலகக் கூட்டம். படம் முடியப்போகும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து, புரட்சி வரும் என்று சொல்லிவிட்டுப் போகிறது; திரும்பி வரவேயில்லை. அடுத்த பாகத்துக்கு இப்போதே துண்டு போட்டு வைத்ததுபோல இருந்தது எனக்கு. கூடவே, நாம் ஏற்கெனவே பார்த்த காட்சிகளை மீண்டும் காட்டி நினைவூட்டும் இடங்கள். நம்மை என்ன, அவ்வளவு மறதிக்காரர்கள் என்று நினைத்தார்களா?

இதே இயக்குநர் டெனி வில்நெவ் பாலத்துக் காட்சியில் என்ன செய்கிறார் பாருங்கள். கேயின் வீட்டில் ஒளியுருவாக வாழ்ந்த ஜாய் அழிந்துவிட்டாள். அவனுக்கு ‘ஜோ’ என்று பெயரிட்டவள் அவள்தான். இப்போது அதே முகத்தோடு ஒரு விளம்பரப் பெண், கட்டட உயரத்தில், இளஞ்சிவப்பாக, கண்கள் மட்டும் கறுப்பாக, மழைக்குள் அவனிடம் குனிகிறாள். விரல் நீட்டி, அவனையும் ‘ஜோ’ என்கிறாள். வருகிற போகிற எல்லாரையும் அப்படித்தான் அழைப்பாள் போலிருக்கிறது. மூக்கில் கட்டோடு கே அண்ணாந்து பார்க்கிறான். ஒன்றும் பேசவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் இருக்கலாம்.

உங்கள் மனைவி எந்த இடத்தில் தூங்கினார் என்று கேட்டு எழுதுங்கள். வாலஸ் பேசும்போது என்றால் அவர் என் கட்சி.