நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பில் துண்டு விழும் ஆறு மாதம்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் முடித்திருக்கிறாள். பட்டதாரிகளுக்கென்றே நான்கு ஆண்டில் முடிகிற மருத்துவப் படிப்பு வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி, பிலிப்பைன்ஸ், கரீபியத் தீவு, அயர்லாந்து ஆகிய மூன்று இடங்களின் விவரக் கையேட்டை ஒரு ஏஜென்ட் கொடுத்திருக்கிறார். முன்பணம் இரண்டு லட்சம் கேட்கிறார். மகளுக்கு ஊரிலேயே கிளினிக் வைக்க ஆசை. மூன்றில் எது நல்லது?
— வாசகர், கரூர்

பதில்: ஊரிலேயே கிளினிக் என்று எழுதிவிட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்றையும் ஒப்பிட வேலையே இல்லை.

வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவம் பார்ப்பதற்கான தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி 2021 நவம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் நடந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அதே நிறுவனத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப். திரும்பி வந்தபின் இங்கே இன்னொரு 12 மாதம். நான்கு ஆண்டு என்பது 48 மாதம். ஆறு மாதம் துண்டு விழுகிறது. மகளின் பி.எஸ்சி. ஆண்டுகளைக் கொண்டு அதை நிரப்ப முடியாது. பிலிப்பைன்ஸில் ‘பி.எஸ்.ஸும் எம்.டி.யும் சேர்த்து ஐந்தரை ஆண்டு’ என்று கணக்குக் காட்டுவார்கள். அங்கே எம்.டி.தான் மருத்துவராக்கும் முதல் பட்டம்; அந்த பி.எஸ். மருத்துவத்துக்கு முந்தைய பட்டம். அது 54 மாதத்தில் சேராது.

நீங்கள் அனுப்பிய கையேட்டைப் பார்த்தேன். ‘4 ஆண்டு’ தங்க நிற எழுத்தில் மின்னுகிறது. விடுதியில் சாம்பார் உண்டு என்பதற்கு அரைப் பக்கம். இன்டர்ன்ஷிப் எங்கே என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ‘உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் உள்ளது’ என்பதை அங்கீகாரம் போல அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் கல்லூரி இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆணையம் ஒப்புதல் பட்டியல் எதுவும் வெளியிடுவதில்லை.

அடுத்து ஏஜென்ட் ஒரு டாக்டரின் படத்தைக் காட்டுவார். ‘இதே கல்லூரியில் படித்தவர், இன்று நம்மூரில் பிராக்டிஸ் செய்கிறார்’ என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். 2021 நவம்பர் 18-க்கு முன் பட்டம் பெற்றவர்களுக்கும் அன்று படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் புதிய விதி பொருந்தாது. அந்த டாக்டர் பழைய கதவு வழியாக உள்ளே வந்தவர். ஆகவே யார் படத்தைக் காட்டினாலும், அவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்று மட்டும் கேளுங்கள். இனிமேல் சேரப்போகும் உங்கள் மகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இந்த ஒரு விலக்கை வைத்து எத்தனை குடும்பங்களின் நிலப் பத்திரம் அடகுக்குப் போயிருக்கிறது என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. விதியை எழுதியவர்கள் அதை எளிய தமிழில் ஒரு பக்கம் போட்டிருந்தால் ஏஜென்டுக்கு இந்தப் பிழைப்பே இருந்திருக்காது. இங்கே படித்தவர், வெளிநாட்டில் படித்தவர் எல்லோரும் மருத்துவராகப் பதிய எழுத வேண்டிய பொதுவான நெக்ஸ்ட் தேர்வு வருகிறது என்று 2019 சட்டத்திலேயே எழுதிவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனவர்களிடம் இதை எதிர்பார்ப்பது என் தவறு.

நான்கு ஆண்டுப் படிப்பே மோசம் என்று சொல்லவில்லை. அயர்லாந்தின் லிமரிக், இங்கிலாந்தின் வார்விக், ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பேர்போன இடங்கள். அங்கேயே தங்கி வேலை பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக விசாரிக்கலாம். சேர்வதற்கு கேம்சாட், எம்கேட் போன்ற கடினமான தேர்வு உண்டு. படித்து முடித்தபின் வெளிநாட்டு மாணவருக்கு இன்டர்ன் இடம் கிடைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். உங்கள் மகளின் திட்டம் அதுவல்ல.

இந்தியாவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் போவதற்கு முன்பே நீட் தகுதி கட்டாயம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பார்ப்பார்கள். மகள் அப்போது என்ன பிரிவு எடுத்தாள், நீட் எழுதினாளா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஏஜென்டும் கேட்டிருக்கமாட்டார். முதலில் அந்த மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இரண்டு லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.