அவர்கள் பார்த்தது வேறு படம்

கேள்வி: 'வன்ஸ் அப்பொன் எ டைம் இன் அமெரிக்கா' படம் 1984இல் வந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். படம் ஓடவும் இல்லை. இன்று அதே ஆட்கள் அதைக் காவியம் என்கிறார்கள். சின்ன வயதுக் கூட்டாளிகள் ரவுடிக் கும்பலாக வளருகிற அப்படி ஒரு கதையை எங்கட பெடியன்களும் வாவிக்கரையில் வைத்துக் குறும்படமாக எடுத்தார்கள். நீளம் கூடிவிட்டது என்று கடைசி நேரத்தில் கொஞ்சம் வெட்டியது உண்மைதான். ஆனால் போன இதழில் நீங்கள் அதற்கு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. நாளைக்கு நீங்களும் மாற்றித்தானே எழுதப் போகிறீர்கள்?

– வாசகர் ஒருவர், ஆரையம்பதி

பதில்: தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது பாதிக் கதை. மீதியைச் சொல்லிவிட்டு உங்கள் நண்பர்களின் படத்துக்கு வருகிறேன்.

1984 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அதன் இயக்குநர் செர்ஜியோ லியோனே காட்டிய படம் 229 நிமிடம் ஓடியது. அடுத்த மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 139 நிமிடம்தான். ஒன்றரை மணித்தியாலப் படத்தைக் காணவில்லை. இயக்குநரின் கை படாமல், வெளியிட்டவர்கள் தரப்பில் நடந்த வெட்டு அது. வெட்டியதோடும் நிற்கவில்லை. சிறுபிராயம், 1933, 1968 என்று மூன்று காலங்களுக்குள் போவதும் வருவதுமாக லியோனே பின்னிய கதையைப் பிரித்து, வயது வரிசைப்படி அடுக்கிவைத்தார்கள். அமெரிக்க ரசிகனுக்கு அப்படித்தான் விளங்குமாம்.

விமர்சகர்கள் கிழித்தது இந்த 139 நிமிடத்தை. ரோஜர் ஈபேர்ட் இரண்டையும் பார்த்தவர். முழுப் படத்துக்கு நான்கு நட்சத்திரம், வெட்டிய படத்துக்கு ஒன்று என்று பிரித்தே மதிப்பிட்டார். போலின் கேல் சும்மா யாரையும் புகழ்கிறவர் இல்லை. அவரும் இதைவிட மோசமாக ஒரு படம் சிதைக்கப்பட்டதைத் தான் கண்டதில்லை என்று எழுதினார். அப்படியிருக்க, அன்றைக்குத் திட்டிவிட்டு இன்றைக்குக் குத்துக்கரணம் அடித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? முன்னால் வைத்ததைப் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள். வெட்டிய படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குப்பை என்றவர்கள்கூடப் பிழை விடவில்லை என்பேன். அது குப்பையாகத்தான் ஆக்கப்பட்டிருந்தது.

விளைவு கொடுமையானது. ஏறத்தாழ 3 கோடி டொலரில் எடுத்த படம் அமெரிக்காவில் சம்பாதித்தது 50 லட்சத்தைச் சற்றுத் தாண்டிய தொகை. ஒஸ்காரில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. என்னியோ மொரிக்கோனேயின் இசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று. பிரித்தானியாவின் பஃப்டா விருதை அந்த இசை வாங்கியது. லியோனே அதற்குப் பிறகு இன்னொரு படம் முடிக்கவில்லை. 1989இல் இறந்துபோனார். பத்து வருடத்துக்கும் மேலாக மனதில் சுமந்து எடுத்த படம் அது.

வரிசையை மாற்றினால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். படத்தின் நாயகன் நூடில்ஸ் கிழவனாகி முப்பத்தைந்து வருடம் கழித்து நியூயோர்க்குக்குத் திரும்பி வருகிறான். பழைய சினேகிதனின் கடைக்குள் போய், கழிவறைச் சுவரில் உள்ள ஓட்டைக்குக் கண்ணை வைக்கிறான். அந்தப் பக்கம், அவன் சிறுவனாக இருந்த காலத்துப் பண்டசாலையில், டெபோரா என்ற பிள்ளை நடனம் பழகுகிறாள். கிழவனின் கண் வழியாகத்தான் நாங்கள் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறோம். அவளை அவன் என்ன செய்யப் போகிறான், என்னத்தை இழக்கப் போகிறான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் இழந்தவன் பார்க்கிற பார்வை அது என்று நெஞ்சுக்குத் தெரிந்துவிடும். அதே நடனத்தைப் படத்தின் தொடக்கத்தில், வயது வரிசையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஒரு சிறுமி ஆடுகிறாள், அவ்வளவுதான்.

சிறுபிராயக் காட்சிகளில்தான் கத்தி அதிகம் விழுந்தது. அந்தக் காட்சிகள்தான் இந்தப் படத்தின் உயிர். பட்சி என்ற பெடியன் கிரீம் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் காத்திருக்கிறான். கேக்கைக் கொடுத்தால் அவள் தன்னோடு வருவாள் என்பது அவன் கணக்கு. காத்திருக்கும்போது விரலால் கொஞ்சம் வழித்து நக்குகிறான். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் முழுவதையும் தின்றுவிடுகிறான். ஆம்பிளையாகிவிட வேண்டும் என்று வந்தவன் பிள்ளையாகவே இருந்து தின்று முடிக்கிறான். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு, அதே பட்சி பெரியவனாகித் துவக்கோடு நிற்பதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். கேக் இல்லாவிட்டால் துவக்கு மட்டும்தான் மிஞ்சும். கூட்டத்திலேயே சின்னவனான டொமினிக் சுடப்பட்டு விழுகிற இடமும் அப்படித்தான். அதற்கு முன்னால் அந்த ஐந்து பேரோடும் நாங்கள் தெருவில் திரிந்திருக்காவிட்டால், கும்பல் படங்களில் சாகிற நூறு பேரில் அவனும் ஒருவன்.

நீளத்தைக் குறைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கூத்து விடிய விடிய வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடப்பட்டது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் அதை ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருக்கி மேடை ஏற்றினார். களரியை விட்டு மேடைக்குக் கொண்டுபோனது சரியா என்ற வாதம் இன்னமும் முடியவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சுருக்கம் கூத்துப் பழக்குகிற மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்து, ஆட்டமும் தாளமும் தரு என்ற கூத்துப் பாட்டும் அறிந்தவர்களை வைத்துக்கொண்டு செய்யப்பட்டது. ஒரு பாத்திரம் முதன்முதல் களரிக்குள் வருகிற ஆட்டமான வரவு ஏன் அவ்வளவு நேரம் ஆடப்படுகிறது என்று தெரிந்தவன் அதைக் குறைத்தாலும் வரவு வரவாக நிற்கும். ராசா எப்படிப்பட்டவன் என்பதை அவன் வாய் திறக்க முன்பே ஆட்டம் சொல்லிவிடும். தெரியாதவன் குறைத்தால் முதலில் வரவைத்தான் வெட்டுவான். கதை அங்கே நகரவில்லை என்று நினைப்பான். லியோனேயின் சிறுவர்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுப் படம் திரும்பி வந்தபோது எல்லாக் குற்றச்சாட்டும் கழுவப்பட்டுப் போகவில்லை. நகைக்கடைக் கொள்ளையின்போது ஒரு பெண் மீது நடக்கும் பாலியல் வன்முறையை அந்தப் படம் ஒரு வேடிக்கைபோல் கடந்துபோகிறது. அந்தப் பெண் பிறகு இதே ஆட்களோடு சிரித்துப் பழகுவதாகவும் காட்டுகிறது. இது படத்தின் கறை. 229 நிமிடத்திலும் கறைதான், 2012இல் கானில் காட்டப்பட்ட 251 நிமிடப் பிரதியிலும் கறைதான். நூடில்ஸ் காருக்குள் டெபோராவுக்குச் செய்வது வேறு. அதைக் கொடுமை என்று தெரிந்தே படம் காட்டுகிறது, அவன் வாழ்க்கை அங்கேதான் முடிகிறது. இருந்தும் எங்கள் கண் டெபோராவோடு நில்லாமல் நூடில்ஸின் துயரத்தோடு போகும்படி செய்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காவியம் என்று பெயர் வாங்கிய படத்திடமும் இதைக் கேட்கத்தான் வேண்டும். கேட்கிறவர்களை 'ரசனை இல்லாதவர்கள்' என்று ஒதுக்குவதை நிறுத்துங்கள்.

அப்புறம், நல்ல படத்தை விளங்க உலகத்துக்கு இருபது வருடம் வேண்டும் என்ற நினைப்பும் வேண்டாம். மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'குட்ஃபெலாஸ்' 1990இல் வந்த உடனேயே கொண்டாடப்பட்டது. வெனிஸில் அந்த வருடமே அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது. அதுவும் சிறுவன் ஒருவன் கும்பலுக்குள் வளர்கிற கதைதான். அதைப் பார்த்தவர்கள் கையில் முழுப் படம் கிடைத்தது.

இனி உங்கள் கூட்டாளிகளின் படம். நான் பார்த்தது 22 நிமிடம். வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் ஐந்து பெடியன்கள், வளர்ந்து கசிப்புக் காய்ச்சி விற்கிற கும்பலாகிறார்கள், ஒருவன் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். கரு நல்லது. இந்த மண்ணில் நடக்கக்கூடியது. ஆனால் அவர்களின் சிறுபிராயம் முழுவதும் ஒரு பாட்டுக்குள் ஓடி முடிகிறது. தோணியில் போகிறார்கள், சிரிக்கிறார்கள், தோளில் கை போடுகிறார்கள். யாருக்கு எந்த வீடு, யார் பசியோடு பள்ளிக்கூடம் போனவன், யாருக்கு யார் கடன்பட்டவன் என்று ஒன்றும் தெரியாது. அடுத்த நிமிடமே கறுப்புக் கண்ணாடியும் சிகரட் புகையும் மெதுவாக நடக்கிற காட்சியும் வந்துவிடுகின்றன. பதினெட்டாவது நிமிடத்தில் ஒருவன் காட்டிக்கொடுக்கும்போது எனக்கு வலிக்கவில்லை. எந்த நட்பு உடைகிறது என்று எனக்குக் காட்டப்படவில்லையே. போன இதழில் நான் எழுதியது இதைத்தான். லியோனேயிடமிருந்து தொப்பியையும் துவக்கையும் எடுத்துக்கொண்டு கேக்கை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் அந்தப் படத்தை வெட்டியவர்கள் செய்த அதே காரியத்தை உங்கள் நண்பர்கள் தங்கள் படத்துக்குத் தாங்களே செய்திருக்கிறார்கள்.

இதைப் பகையாக எடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. முகநூலில் 'வாழ்த்துகள் தம்பி, அருமை' என்று நூறு பேர் எழுதியிருந்தார்கள். அதில் எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள்? நான் இரண்டு தரம் பார்த்தேன். அந்தப் பெடியன்களில் ஒளிப்பதிவு செய்தவருக்குக் கண் இருக்கிறது. விடியற்காலை வாவியை அவர் எடுத்த விதத்தை நான் பாராட்டி எழுதியிருந்தேன். 'ஒரு நல்ல வார்த்தைகூட' இல்லை என்கிறீர்களே, திருப்பி வாசித்துப் பாருங்கள்.

நாளைக்கு மாற்றி எழுதுவீர்களா என்று கேட்டீர்கள். இந்த 22 நிமிடத்துக்கு எழுதியதில் ஒரு வரியும் மாறாது. கடைசி நேரத்தில் வெட்டினோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். வெட்டியது எது, சிறுபிராயமா? அந்தக் காட்சிகள் அழியாமல் இருந்தால் பழையபடி சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். முப்பது நிமிடமோ ஐம்பது நிமிடமோ, உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்தது எத்தனை நிமிடப் பிரதி என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டு, புதிதாக எழுதுகிறேன்.

– ஆசிரியர்