கணினி கேள்வி பதில்: ஃபிளாஸ்க்கில் முதல் அடி

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும். சின்னதாக ஒரு வலைத்தளம் செய்து பார்க்க ஆசை. ஜாங்கோவா, ஃபிளாஸ்க்கா?
– வாசகி, கோவை

இரண்டுமே பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் சட்டகங்கள். கற்றுக்கொள்ளத்தான் என்றால் ஃபிளாஸ்க். ஜாங்கோவில் அட்மின் பக்கம், தரவுத்தள வசதி, பயனர் கணக்கு எல்லாம் கூடவே வரும். ஃபிளாஸ்க்கில் அவை இல்லை. எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் என்று பார்ப்பது, ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் கருவி மூலம் பக்கத்தை உருவாக்குவது, இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் நீங்களே சேர்ப்பது என்பதால், எந்த வரி எதற்கு என்று குழப்பமே வராது. ஆர்மின் ரோனாகர் 2010-இல் வெளியிட்ட ஃபிளாஸ்க்கை இப்போது பாலெட்ஸ் குழு பராமரிக்கிறது. பிஎஸ்டி உரிமம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். உறுப்பினர் பதிவும் அட்மின் பக்கமும் உடனே வேண்டுமென்றால் மட்டும் ஜாங்கோவுக்குப் போங்கள்.

கேள்வி: நிறுவிவிட்டேன். ஐந்து வரி எழுதி ஓட்டினால், 'ஃபிளாஸ்க்கை இம்போர்ட் செய்ய முடியவில்லை' என்கிறது. ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

உங்கள் கோப்பின் பெயரைப் பாருங்கள். ஃபிளாஸ்க்.பை என்று வைத்திருந்தால் கோளாறு அங்கேதான். பைத்தான் முதலில் தேடுவது உங்கள் ஃபோல்டரில். அங்கே உங்கள் கோப்பே அகப்படுவதால், அது தன்னைத்தானே இம்போர்ட் செய்யப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும். ஆப்.பை என்று மாற்றுங்கள். அந்தப் பெயரை ஃபிளாஸ்க் தானாகவே கண்டுபிடிக்கும். வேறு பெயர் வைத்தால் ஓட்டும்போது ஆப் என்ற ஆப்ஷனில் அதைச் சொல்ல வேண்டும்.

பெயர் சரியாக இருந்தும் அதே பிழை வந்தால், வென்வ் (திட்டத்துக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) இயங்காத டெர்மினலில் ஓட்டுகிறீர்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வ் பெயர் தெரிகிறதா பாருங்கள். விண்டோஸில் பவர்ஷெல் அதை இயக்க மறுத்தால், சாதாரண கமாண்ட் ப்ராம்ப்ட்டில் செய்யுங்கள், வேலை முடிந்துவிடும்.

அடுத்துப் பலரும் தடுக்கி விழும் இடம் எச்டிஎம்எல் கோப்புகள். அவை ஆப்.பை பக்கத்திலேயே உள்ள 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரில் இருக்க வேண்டும். கடைசி 'ஸ்' விட்டுப்போனால் கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'டெம்ப்ளேட் நாட் ஃபவுண்ட்' வரும். மேக்கில் 5000 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக வந்தால், பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் ஏர்ப்ளே ரிசீவர். 5001 கொடுங்கள்.

கேள்வி: ஜேசனாக 'அம்மா' என்று அனுப்பினால் பிரவுசரில் ஏதேதோ எண்களாக வருகிறது. தமிழ் கெட்டுப்போனதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கெடவில்லை. ஃபிளாஸ்க் ஜேசனை (புரோகிராம்கள் தரவு பரிமாறும் உரை வடிவம்) ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) எழுத்துகளுக்குள்ளேயே அடக்கி அனுப்புவதுதான் அதன் இயல்பு. அதனால் 'அ' என்பது பின்சாய்கோடு, யூ, பிறகு 0பி85 என்று ஆறு குறிகளாகப் போகிறது. வாங்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிரித்ததும் பழைய 'அ' திரும்பிவிடும். எடைதான் கூடும். யூனிகோடில் 'அம்மா' ஐந்து குறியீடுகள்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். யூடிஎஃப்-8 என்ற வழக்கமான குறிமுறையில் போனால் 15 பைட். ஆஸ்கிக்குள் அடக்கிப் போனால் 30. நீளமான தமிழ்க் கட்டுரைகளை அனுப்பும் தளத்துக்கு இது வீண் சுமை. ஆப்பை உருவாக்கும் வரிக்குக் கீழே, ஆப்பின் ஜேசன் அமைப்பில் 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். 2.2 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. பழைய பாடங்களில் காணும் 'ஜேசன் ஆஸ் ஆஸ்கி' என்ற கான்ஃபிக் 2.3-இல் நீக்கப்பட்டது. அதை எழுதினால் பிழை எதுவும் காட்டாது, பலனும் இருக்காது.

கேள்வி: டீபக் வைத்து ஓட்டுகிறேன், நன்றாக இருக்கிறது. சர்வரிலும் அப்படியே போடலாமா?
– வாசகி, மதுரை

கூடவே கூடாது. டீபக் என்பது உருவாக்கும்போது பிழை தேடுவதற்கான முறை. அதில் பிழை வந்தால் திரையில் வரும் பக்கத்திலிருந்தே உங்கள் சர்வரில் பைத்தான் கட்டளை ஓட்ட முடியும். பின் எண் கேட்கும்தான், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். டீபக்கை நிறுத்தினாலும் 'ஃபிளாஸ்க் ரன்' என்ற கட்டளை தளத்தை உருவாக்கும் நேரத்துக்கு மட்டுமே. லினக்ஸ் சர்வரில் கூனிகார்ன் என்ற சர்வர் மென்பொருளை நிறுவி, ஆப்.பை கோப்பிலுள்ள ஆப்பை 'ஆப்:ஆப்' என்று அதற்குக் கொடுங்கள். முதல் 'ஆப்' கோப்பு, இரண்டாவது உள்ளே இருக்கும் மாறி. கூனிகார்ன் விண்டோஸில் ஓடாது; அங்கே வெயிட்ரஸ்.