குஞ்சு விட்டால் மட்டும் பூர்வீக மீன்கள் பெருகுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தெமெங்கோர் ஏரிக்குத் தூண்டில் போடச் செல்லும் நண்பர், குஞ்சுகளை விட்டாலே கெலா என்னும் பூர்வீக நன்னீர் மீன் பழையபடி பெருகிவிடுமா என்று கேட்டிருக்கிறார். பெருகும் என்று நான் நம்பவில்லை.

முதலில் கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே இடங்களில், ஒரே கண்ணளவுள்ள வலைகளைக் கட்டி, வலைக்கு எத்தனை மீன் விழுகிறது என்று பதிந்து வந்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும். விடும் குஞ்சுகளின் துடுப்பொன்றை நறுக்கி அடையாளமிட்டால், பிற்காலத்தில் முழுத் துடுப்போடு சிக்குபவை பெரும்பாலும் ஏரியிலேயே பிறந்தவை என்று அறியலாம்; என்னைக் கேட்டால், இதுவே முதன்மையான அளவுகோல்.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில், மிகையான பிடிப்பாலும், வெளியிலிருந்து புகுந்து இரத்தம் உறிஞ்சிய, விலாங்கு போன்ற உடலுள்ள கடல் லாம்ப்ரேயாலும் லேக் டிரவுட் மீன்கள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. லாம்ப்ரேயின் இளம்பருவம் வளரும் ஓடைகளில் 1958 முதல் அதைக் கொல்லும் மருந்தை இட்டு, பிடிப்பையும் கட்டுப்படுத்தி, குஞ்சுகளும் விட்ட பின்னரே அவை மீண்டன. ஏரியின் பெரும்பகுதியில் மீட்பு நிறைவேறியதாக 2024-இல்தான் அறிவித்தார்கள்.

கெலாவோ தெளிந்து ஓடும், சரளைக்கல் நிறைந்த ஓடைகளை நாடும் மீன். மேட்டில் மரம் வெட்டிய இடத்திலிருந்து சேறு இறங்கிக்கொண்டிருக்கும் வரை, குஞ்சு வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ஓடைக்கரையைக் காப்பதற்குச் செலவிடுவதே மேல்.