சிலிண்டர் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ கேஸ் முழுவதும் எரிந்தால் சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஒன்பதாவது படிக்கும் மகளிடம் சொன்னதும், "பொருண்மை அழியா விதின்னு படிச்சோமேப்பா, 14 எப்படி 43 ஆகும்?" என்று கேட்டுவிட்டாள். பதில் தெரியவில்லை. கட்டுரையில் தவறா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுரையில் தவறில்லை. மகள் கேட்டது நல்ல கேள்வி. எரிந்தாலும் மாறினாலும் மொத்த எடை கூடாது, குறையாது என்ற அந்த விதியை உண்மையாகவே நம்புகிறவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்.

நாம் சிலிண்டரை மட்டும் நிறுத்துப் பார்க்கிறோம். எரியும்போது காற்றிலிருந்து வந்து சேரும் ஆக்சிஜனை யாரும் தராசில் வைப்பதில்லை. ஒரு கார்பன் அணுவின் நிறையை 12 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சேரும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் நிறை 32 பங்கு. அந்த 14.2 கிலோ கேஸ் எரிய சுமார் 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டும் சேர்ந்து 65 கிலோ. அதில் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. மீதி 22 கிலோ தண்ணீர். கேஸில் உள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிவிடுகிறது.

இந்த இடத்தில் ராபர்ட் பாயில் என்ற பெரிய விஞ்ஞானியே தடுமாறியிருக்கிறார். மூடிய கண்ணாடிக் குடுவையில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார், எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்துவிட்டன என்று 1673-இல் எழுதினார். ஆனால் குடுவையைத் திறந்த பிறகே அவர் எடை பார்த்தார். திறக்கும்போது உஸ்ஸென்று உள்ளே போன காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நூறு வருடம் கழித்து, 1774-இல், பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் அதே சோதனையைச் செய்து, குடுவையைத் திறக்காமலேயே நிறுத்தார். துளிகூட மாற்றமில்லை. திறந்தார், வெள்ளீயம் எடுத்துக்கொண்ட காற்றின் இடத்தில் வெளிக்காற்று புகுந்தது, எடை கூடியது. வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புதுக் கருவி ஏதும் இல்லை, எடை பார்க்கும் நேரத்தை மாற்றினார், அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தில் விதியைச் சொல்வதற்கு முன் காற்றுக்கு எடை உண்டு என்பதை நன்றாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள அறையில் இருக்கும் காற்று சுமார் 34 கிலோ. அதில் ஆக்சிஜன் 8 கிலோகூட வராது. அப்புறம் பாருங்கள், ஒரு சிலிண்டர் ஆறு அறைகளின் ஆக்சிஜனுக்கும் மேல் இழுத்துக்கொள்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அந்த 22 கிலோ தண்ணீரை மகளுக்குக் காட்டவும் முடியும். ஃபிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, உடனே அடுப்பில் வைத்துப் பற்றவையுங்கள். சில நொடிகளில் வெளிப்பக்கம் வேர்த்ததுபோல் ஈரம் படரும், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். அதில் பெரும்பகுதி கேஸ் எரிந்து உண்டான தண்ணீர்.